கீழிருந்து வருவதும் மேலிருந்து வருவதும்

மலை நடைக்கு வருகிறவர்கள் என்னிடம் ஷூவைப் பற்றி நிறையக் கேட்பார்கள். எந்தக் கம்பெனி, என்ன விலை, தண்ணீர் புகுமா, கணுக்காலை மூடுமா என்று கேள்விகள் நீளும். முதுகுப்பை, மழைக்கோட்டு, ஊன்றுகோல் பற்றியும் கேட்பார்கள். ஷூவின் வாய்க்கும் முழங்காலுக்கும் நடுவே இருக்கிற ஒரு முழத்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. நடையின் தொல்லைகளில் பெரும்பாதி அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. அட்டை, சேறு, மணல், பொடிக்கல், புல்லின் முள்விதை, மழைத்தண்ணீர், பனி எல்லாவற்றுக்கும் அதுதான் வாசல். அந்த வாசலை அடைப்பதுதான் கெய்ட்டர்.

மழை மாதங்களில் வால்பாறை, ஆனைமலைப் பக்கத்தில் அனுமதியுள்ள பாதைகளிலும், குளிர்காலத்தில் உத்தரகாண்டின் பனிப்பாதைகளிலும் நடைக்குழுக்களை அழைத்துப்போவது என் தொழில். இரண்டு இடத்திலும் காலையில் என் முதல் வேலை, ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து அவர் காலைப் பார்ப்பது. சிலர் கூச்சப்படுவார்கள். "விடுங்க சார், நானே பாத்துக்கறேன்" என்று பின்வாங்குவார்கள். நான் விடுவதில்லை. புறப்படும் முன் ஐந்து நிமிடம் குனிந்து செய்கிற வேலையை, நடுவழியில் சேற்றில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு யாராலும் சரியாகச் செய்ய முடியாது.

பொருளை முதலில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கணுக்கால் மட்டும் வருகிற குட்டைக் கெய்ட்டர் உண்டு. முழங்காலுக்குக் கீழேவரை ஏறுகிற உயரமானதும் உண்டு. நல்ல உயரமான கெய்ட்டரில் கீழ்ப்பாதி முரட்டு நைலானாகவும், மேல்பாதி வியர்வை ஆவி வெளியேறக்கூடிய துணியாகவும் இருக்கும். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெல்க்ரோ. கீழ்விளிம்பின் முன்முனையில் ஒரு சின்னக் கொக்கி, ஷூ லேஸில் மாட்டுவதற்கு. அடியில் ஒரு பட்டை, ஷூவின் கீழே சுற்றிவந்து பக்கிளில் சேருவதற்கு. மேல்விளிம்பில் இறுக்குகிற நாடா. இவ்வளவுதான். ஆனால் வாடகைக்கு வாங்கியவர்களில் பாதிப்பேர் அந்தக் கொக்கி எதற்கு என்று தெரியாமலே நாள் முழுக்க நடந்து முடித்துவிடுகிறார்கள்.

வலது இடது உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. பட்டையின் பக்கிள் எப்போதும் காலின் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வந்தால் நடக்கும்போது மற்றக் கால் அதில் உரசும். இறக்கத்தில் மாட்டிக்கொண்டு ஆளையே தள்ளிவிடும். பனியில் ஷூவின் அடியில் மாட்டுகிற கிராம்பான் போட்டிருந்தால் அதன் பற்கள் உள்பக்கத்தைத்தான் கிழிக்கும். அதனாலேயே நல்ல கெய்ட்டரில் உள்கணுக்கால் பக்கம் தடித்த ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். எது வலது என்று சந்தேகம் வந்தால் அந்த ஒட்டைப் பாருங்கள். ஒட்டு உள்ளே, பக்கிள் வெளியே.

இனி எப்படி அணிவது? இதற்கு ஒரே விடை இல்லை. சிலர் கால்சட்டையைக் கெய்ட்டருக்குள் விட வேண்டும் என்பார்கள், சிலர் கெய்ட்டர்மேல் விட வேண்டும் என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான், அவரவர் நடக்கிற இடத்தில். இன்று என் காலுக்குள் நுழையப் பார்ப்பது எது, அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். கீழிருந்து ஏறுவதற்கு ஒரு கட்டு, மேலிருந்து வழிவதற்கு வேறு கட்டு. நான் குழுவில் சொல்லிக்கொடுக்கிற எல்லாமே இந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஆனைமலையில் வழிகாட்டியாக வந்துகொண்டிருந்த ஒரு காடர் பழங்குடிப் பெரியவர். வெறுங்காலோடு நடப்பார். புகையிலையை எண்ணெயில் ஊறவைத்துக் காலில் தேய்த்திருப்பார். நான் புதிதாகத் தொழிலுக்கு வந்த சமயம், உயரமான விலையுயர்ந்த கெய்ட்டர் மாட்டிக்கொண்டு நடந்த ஒரு விருந்தாளியின் சாக்ஸெல்லாம் ரத்தமாக இருந்தது. பெரியவர் அந்தக் கெய்ட்டரின் கீழ்விளிம்பைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பாரு தம்பி, இவ்வளவு இடம் இருக்குது. அட்டைக்கு இது பெரிய கதவு. அது எப்பவும் மேலதான் போகும். நீ அடியில அடைக்காம மேல இறுக்கி என்ன பண்றது?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. கெய்ட்டர் ஷூவின்மேல் கவிழ்ந்து உட்காருகிறது. பனிக்கும் சேற்றுக்கும் அது போதும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் நில அட்டை, ஹீமடிப்சா என்ற பேரினம், வயிறு காய்ந்திருக்கும்போது நூல் கனம்தான் இருக்கும். இரண்டு முனையிலும் ஒட்டுறுப்பு. ஒன்றை ஊன்றி மற்றொன்றை எடுத்து வைத்து, வளைந்து நிமிர்ந்து நடக்கும். காலடி அதிர்வு, உடல் வெப்பம், நாம் விடுகிற மூச்சு மூன்றையும் உணர்ந்து இலைச்சருகின் நுனியில் எழுந்து நின்று ஆடும். ஷூவில் ஏறியதும் மேலே போகும். கெய்ட்டரின் அடிவிளிம்பு ஷூவோடு ஒட்டாத இடத்தில் உள்ளே போகும். உள்ளே போனபின் கெய்ட்டரே அதற்கு மறைவிடமாகிவிடும். நீங்கள் பார்க்கவும் முடியாது.

கீழிருந்து ஏறுவதற்குக் கீழே திறப்பே இல்லாத உறை வேண்டும். அதுதான் லீச் சாக்ஸ், அட்டைக் காலுறை. பாதத்தையும் சேர்த்து மூடி முழங்கால்வரை வருகிற துணிப்பை. ஷூவுக்கு உள்ளே போடுவது. கெய்ட்டர் ஷூவுக்கு வெளியே, இது ஷூவுக்கு உள்ளே. இந்த வேறுபாட்டை அறியாமல், அட்டைக்காட்டுக்குக் கெய்ட்டர் மட்டும் வாங்கி வருகிறவர்கள் ஏராளம்.

சாதாரணச் சாக்ஸை இரண்டு போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சாக்ஸ் பின்னல் துணி. பின்னலின் கண்கள் காலில் ஏறியதும் இழுபட்டு விரியும். சின்ன அட்டை அதற்குள் தலையை விட்டுக் கடித்துவிடும், சில சமயம் முழுசாக உள்ளேயே போய்விடும். அட்டைக் காலுறைக்கு நெருக்கமாக நெய்த துணிதான் ஆகும். காடா துணியில் தைத்துப் பார்த்தவர்களும் உண்டு. அதன் இழை தளர்வானது, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பாப்ளினோ மெல்லிய ட்ரில்லோ நல்லது. கடையில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம். நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பும் பச்சையும் அழகாக இருக்கும், ஆனால் அட்டை ஏறுவது தெரியாது. வெள்ளையில் ஏறுகிற அட்டையைப் பத்தடி தள்ளி நடக்கிறவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

எங்கள் குழுவுக்குப் பொள்ளாச்சியில் ஒரு தையல்கார அக்காதான் தைத்துத் தருகிறார். மாதிரிக்கு நான் கொண்டுபோன உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் உள்ள வந்தா காலைக் கடிக்கும் தம்பி, வெளிய தள்ளிப் போடறேன். விரல் நுனிக்கு நேரா தையலே வேண்டாம், மேல கொண்டுபோயிடலாம்" என்றார். அவர் மலையேறியவர் இல்லை. ஆனால் பல மணி நேரம் நடக்கிற பாதத்துக்கு எது தேவை என்று துணியை வைத்தே அறிந்தவர். அளவு எடுப்பதிலும் ஒரு நுட்பம் சொன்னார். நெய்த துணி இழுபடாது. எனவே கணுக்கால் சுற்றளவை எடுத்துத் தைத்தால் குதிகால் உள்ளே போகாது. குதிகாலின் அடியிலிருந்து பாதத்தின் மேல்மேடுவரை சாய்வாகச் சுற்றி அளக்க வேண்டும். அதற்குமேல் இரண்டு விரல் தளர்வு. அந்த அளவில் தைத்த உறை எந்தக் காலிலும் சுளுவாக ஏறும். மேலே சுருக்கு நாடா. எலாஸ்டிக் வேண்டாம் என்பது என் கட்சி. ஈரத்தில் தொய்ந்துவிடும், அல்லது கெண்டைக்காலில் தழும்பாகப் பதியும்.

போடுகிற வரிசை இது. முதலில் உங்கள் வழக்கமான சாக்ஸ். அதன்மேல் கால்சட்டையின் கீழ்நுனி. மிஞ்சிய துணியை வெளிப்பக்கமாக ஒரே மடிப்பாக மடித்துக் காலோடு படிய வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மடிப்பு வந்தால் எலும்பின்மேல் தேய்ந்து தோல் போய்விடும். இப்போது அட்டைக் காலுறையைக் கால்சட்டைக்கு மேலாக ஏற்றி, நாடாவை முழங்கால் சில்லுக்குக் கீழே, கெண்டைச்சதை பருக்கத் தொடங்கும் இடத்துக்கு மேலே கட்டுங்கள். சதையின் நடுவில் கட்டினால் பத்து நிமிடத்தில் வழிந்து கணுக்காலில் வந்து நிற்கும். இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சாக இருக்கட்டும். அதற்குப் பிறகு ஷூ. ஒரு துணி கூடுதலாகப் போவதால், முன்பே இறுக்கமாக இருக்கிற ஷூ இன்னும் இறுகும்; வீட்டிலேயே போட்டு நடந்து பார்த்துவிட வேண்டும். மேல்சட்டையையும் கால்சட்டைக்குள் செருகுங்கள். அட்டை உறையின்மேல் ஏறி, முழங்காலைத் தாண்டி, இடுப்புவரை வரும். கழுத்தில் கடித்த அட்டை மரத்திலிருந்து குதித்தது என்று சொல்கிறவர்கள் பலர். அது கீழிருந்து ஏறியது, அல்லது நீங்கள் உரசிய புதரிலிருந்து தொற்றியது.

இவ்வளவும் செய்தாலும் அட்டை ஏறத்தான் செய்யும். உறை தருவது அவகாசம். ஏறிய அட்டை தோலைத் தேடி அலைகிற அந்தச் சில நிமிடங்களில் பார்த்துத் தட்டிவிட வேண்டும். கடித்துவிட்டால் பதற்றம் வேண்டாம். கடிக்கும்போது வலிக்காது, ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால், விழுந்தபிறகும் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். நகத்தை ஒட்டுறுப்பின் அடியில் படுக்கவைத்துத் தள்ளினால் கழன்றுவிடும். உப்பு போடுவதும், தீக்குச்சியால் சுடுவதும் பழைய பழக்கம். ஆனால் கடித்துக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்தால் அது வயிற்றிலிருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கலாம். உப்பைத் துணியில் முடிந்து கம்பு நுனியில் கட்டிக்கொள்ளுங்கள். ஷூவில் ஏறுகிற அட்டையை அதனால் தொட்டாலே விழுந்துவிடும். தோலில் இருப்பதற்கு நகம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் மழைக்காட்டு நடைக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் இந்த அட்டைகளுக்கு நடுவில்தான் நாளெல்லாம் நிற்கிறார்கள். உப்பும் சோப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துச் சமாளிக்கிறார்கள். புலிகள் காப்பகத்தில் மழையில் ரோந்து போகிற வேட்டைத் தடுப்புக் காவலர்களும் அப்படியே. வருடத்தில் இரண்டு நாள் நடக்க வருகிற நமக்கு ஆயிரம் ரூபாய் கெய்ட்டர் இருக்கிறது. ஒரு மீட்டர் பாப்ளினும் ஒரு நாடாவும் முதலில் சேர வேண்டிய கால்கள் அவர்களுடையவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தோட்டத்துப் பக்கம் நடக்க வருகிற குழுக்களிடம் இதைச் சொல்வேன். சிலர் ஊருக்குத் திரும்பி, தைத்து அனுப்பியும் இருக்கிறார்கள்.

மழைக்கு வருவோம். அட்டைக்கு எல்லாவற்றையும் உள்ளே செருகினோம். அதே கட்டோடு கனமழையில் நடந்தால், கால்சட்டையில் வழிகிற தண்ணீர் உறையின் வாய்க்குள் போய், ஷூவில் இறங்கி, பாதம் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும். மேலிருந்து வழிவதற்கு மேல்துணி எப்போதும் வெளியே இருக்க வேண்டும். ஓட்டுக்கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதுபோல, மழைக்கால்சட்டை கெய்ட்டரின்மேல், கெய்ட்டர் ஷூவின்மேல். அட்டையும் மழையும் சேர்ந்து வருகிற ஜூன், ஜூலை மாத வால்பாறையில் நான் கட்டுவது இப்படி: உள்ளே அட்டைக் காலுறை, அதன்மேல் ஷூ, ஷூவின்மேல் குட்டைக் கெய்ட்டர், எல்லாவற்றுக்கும் மேல் தளர்வான மழைக்கால்சட்டை. சின்னக்கல்லாறு பக்கம் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று. அங்கே எந்தக் கட்டும் முழுக்க உலர்வாக வைக்காது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது எல்லாவற்றையும் அவிழ்த்துப் பிழிந்து, பாதத்தைத் துடைத்து, உலர்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்வதுதான் வழி. உள்ளே நனைவதற்கு வியர்வையும் ஒரு காரணம். ஏற்றத்தில் கெய்ட்டரின் மேல்நாடாவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் ஆவி வெளியேறும். பலர் மழை புகுந்துவிட்டதாக நினைப்பது அவர்களுடைய வியர்வையைத்தான்.

பனியில் கதை தலைகீழ். உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி என்ற ஊரிலிருந்து கேதார்காந்தா சிகரத்துக்குக் குளிர்காலத்தில் நிறையப் பேர் ஏறுகிறார்கள். சிகரம் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முதன்முதலாகப் பனியில் கால்வைக்கிற அவர்களுக்கு, பனி மேலிருந்து விழுகிற பொருள் என்றுதான் எண்ணம். விழுகிற பனி கோட்டைத் தட்டினால் போய்விடும். தொல்லை தருவது கிடக்கிற பனி. கால் முழங்காலளவு புதைந்து எழும்போது, ஷூவின் வாய்வழியே பொடிப்பனி உள்ளே கொட்டும். உடல் சூட்டில் அது உருகும். ஈரச் சாக்ஸ் உடல் வெப்பத்தை வேகமாக இழுத்துவிடும். நடந்துகொண்டிருக்கும்வரை தெரியாது, சிகரத்தில் படமெடுக்க நிற்கும்போது விரல் மரத்துப்போவது தெரியும்.

இங்கே கால்சட்டை கெய்ட்டருக்குள். கெய்ட்டர் ஷூவின்மேல் இறுகப் படிய வேண்டும். முதலில் கொக்கியை லேஸின் கடைசிக் குறுக்கில், விரல்களுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். மேலே மாட்டினால் முன்விளிம்பு தூக்கிக்கொள்ளும், பனி அதற்குள் கரண்டியால் அள்ளியதுபோல் ஏறும். பிறகு வெல்க்ரோவைக் கீழிருந்து மேலாக, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். அடுத்தது அடிப்பட்டை. அது குதிகால் மேட்டுக்கு முன்னால், உள்ளங்கால் வளைவில், ஷூவின் அடிப்பள்ளத்தில் உட்கார வேண்டும். குதிகால் மேட்டின்மேல் வந்தால் இரண்டே நாளில் கல்லில் தேய்ந்து அறுந்துவிடும். பனிக்கான முள்சங்கிலியை இதற்குப் பிறகுதான் மாட்ட வேண்டும். கடைசியில் மேல்நாடா. அதற்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். எல்லாம் முடிந்ததும் முழங்காலை நெஞ்சுவரை தூக்கிப் பாருங்கள், ஒருமுறை உட்கார்ந்து எழுங்கள். எதுவும் இழுக்கவில்லை, எதுவும் தூக்கவில்லை என்றால் புறப்படலாம்.

இதையெல்லாம் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, கை சூடாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வெளியே வந்து கையுறையைக் கழற்றிப் பக்கிளைத் தேடினால் விரல் விறைத்துவிடும். வெல்க்ரோவின் பற்களில் பனி அடைத்துக்கொண்டால் அது ஒட்டாது. பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும். இரவில் ஈரக் கெய்ட்டரை வெளியே போட்டுவிட்டால் காலையில் உறைந்து விறைத்திருக்கும், காலில் சுற்றவே வராது. பையில் போட்டு உறக்கப்பையின் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கெய்ட்டரை வாங்கும்போது நிறத்தைப் பார்க்காமல், அடிப்பட்டை நைந்திருக்கிறதா, கொக்கி நெளிந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

மேல்நாடாவை இறுக்கக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்றைய நைலான் கெய்ட்டருக்கு முன்னால் இருந்தது காலில் சுற்றுகிற கம்பளிப் பட்டி. பழைய தமிழ்ப் படங்களில் அரைக்கால் சட்டைப் போலீஸ்காரர்கள் காலில் சுற்றியிருப்பார்களே, அதுதான். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் ஈரத்தில் நின்ற சிப்பாய்களின் பாதங்கள் அழுகின. ஈரமும் குளிரும் முதன்மைக் காரணம். இறுக்கிச் சுற்றிய பட்டி ரத்த ஓட்டத்தைத் தடுத்ததும் அதை மோசமாக்கியது. 1924-இல் எவரெஸ்டில் ஆக்சிஜன் புட்டியில்லாமல் 8,570 மீட்டர் உயரம்வரை ஏறிய எட்வர்ட் நார்ட்டன் சுற்றியிருந்தது மென்மையான, இழுபடக்கூடிய காஷ்மீர் பட்டி. காலுக்குக் கட்டுகிற எதுவும் ரத்தத்தை நிறுத்தக் கூடாது என்று அந்த மலையேறிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். நடக்க நடக்கக் கெண்டைக்கால் சற்றுப் பருக்கும். காலையில் கச்சிதமாக இருந்த நாடா மதியம் இறுக்கமாகிவிடும்.

பனியில் இந்தத் துணிக்குழாய் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1980-இல் அலாஸ்காவின் டெனாலி மலையில் ரான் கிரெக் என்பவரும் அவருடைய நண்பரும் ஏறிக்கொண்டிருந்தபோது, நண்பரின் கெய்ட்டர் வேலை செய்யாமல் பாதத்தில் பனி புகுந்து உறைபுண் ஏற்பட்டது. அவரை விமானத்தில் மீட்டுக்கொண்டுபோக வேண்டியதாயிற்று. இயற்பியல் படித்த கிரெக், ஊர் திரும்பியதும் புதிய கெய்ட்டர் ஒன்றை வடிவமைத்தார். அதிலிருந்து 1981-இல் பிறந்ததுதான் அவுட்டோர் ரிசர்ச் நிறுவனம்.

கெய்ட்டர் எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணக் கெய்ட்டர் பாம்புக்கடியைத் தடுக்காது. பாம்புக்கென்று விறைப்பான தனிக் கவசம் உண்டு. நாம் மாட்டுவது அதுவல்ல. மழைக்காட்டுச் சருகில் படுத்திருக்கிற சின்னக் குழிவிரியன் கண்ணில் படவே படாது. அதிலும் கூம்புமூக்கு கொண்ட குழிவிரியனின் நஞ்சுக்கு, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் கொடுக்கிற நம் நாட்டு முறிமருந்து பயன்படாது. காலில் என்ன மாட்டியிருந்தாலும் கால்வைக்கிற இடத்தைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடையைக் கடக்கவும் கெய்ட்டர் உதவாது. தண்ணீர் மேலாகப் புகுந்துவிட்டால் உள்ளேயே நிற்கும். அக்கரையில் உடனே அவிழ்த்து வடியவிடுங்கள்.

உண்ணிக்கும் சிற்றுண்ணிக்கும் அட்டைக் காலுறை நன்றாகவே உதவும். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படுகிற ஸ்க்ரப் டைஃபஸ், புல்லிலும் புதரிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு உண்டாகலாம். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சலும் உண்ணியால்தான் பரவுகிறது. நடை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், காட்டில் நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளின் நன்றாகக் கேட்கும், காலதாமதம்தான் ஆபத்து.

வறண்ட பாதையில் உயரமான கெய்ட்டர் தேவையே இல்லை. ஏப்ரல் வெயிலில் முழங்கால்வரை நைலான் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிகிறவர்களைப் பார்த்தால் நானே கழற்றச் சொல்லிவிடுவேன். பொடிக்கல்லும் மணலும் மட்டுமே தொல்லையென்றால் கணுக்கால் அளவில் இழுபடுகிற மெல்லிய குட்டைக் கெய்ட்டர் போதும். ஒரு சின்னக் கல் ஷூவுக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் கொப்புளம் நிச்சயம்.

நடை முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலோர் செய்யாத வேலை இதுதான். கெய்ட்டரைக் கழற்றி வெல்க்ரோவையும் நாடாவையும் உற்றுப் பாருங்கள். நாயுருவி, ஊசிப்புல், முனையில் கொக்கியுள்ள கறுத்த ஊசிவிதைகள் எல்லாம் ஒட்டியிருக்கும். அடிப்பட்டையின் மண்ணில் பார்த்தீனியம் விதைகூட இருக்கலாம். நீலகிரியின் புல்வெளிகளை வெளிநாட்டுப் புதர்களான ஸ்காட்ச் புரூமும் கார்ஸும் எவ்வளவு விழுங்கியிருக்கின்றன என்பது அங்கே நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு செடி புதிய மலைக்குப் போய்ச்சேர ஒரு சாக்ஸும் ஒரு கெய்ட்டரும் போதும். விதைகளைக் காட்டோரம் உட்கார்ந்து பிடுங்கி எறியாதீர்கள். ஒரு தாளில் சேகரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அழித்துவிடுங்கள். கெய்ட்டரையும் காலுறையையும் ஷூ அடியையும் தேய்த்துக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த மலைக்குப் பையைக் கட்டுங்கள்.